தனியாவா வந்தீங்க? கோடியக்கரையிலிருந்து காரையார் வரை

என் பயண நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடுகள் மட்டும்தான் இருக்கின்றன. நாலு கோடு கிழித்துக் குறுக்கே ஒன்று போடுவோமே, அந்தக் கணக்கு. எட்டு நாளில் "தனியாவா வந்தீங்க?" என்று என்னிடம் கேட்டவர்களின் எண்ணிக்கை அது. பறவைகளை எண்ணத்தான் நோட்டு வாங்கினேன். இரண்டாம் நாளே மனிதர்களின் கணக்கு முந்திவிட்டது.

வயது நாற்பத்தாறு. பத்து வருடப் பழைய கார், ஒரு பைனாகுலர், நல்ல மழைச் செருப்பு. கடலோரமாகவே தெற்கே போய் மலையில் முடிப்பதுதான் திட்டம்.

2025 ஜனவரி 25, சனி. திருச்சி – வேதாரண்யம் – கோடியக்கரை

நாலரைக்குக் கிளம்பியும் மன்னார்குடி தாண்டியபோது எட்டாகிவிட்டது. சம்பா அறுவடை நேரம். சாலையில் பாதியை நெல் எடுத்துக்கொண்டிருந்தது. பொங்கல் முடிந்து பெய்த மழையில் பயிர் பல வயல்களில் பாய் விரித்த மாதிரி சாய்ந்து கிடந்தது. நனைந்த நெல்லைத் தாரில் பரப்பிக் காலால் கோடு இழுத்துக்கொண்டிருந்த பெரியவர், வண்டியை ஓரமாக விடச் சொல்லிக் கையைக் காட்டினார். நெல்லின் மேல் சக்கரம் ஏற்றக் கால் கூசியது. பின்னால் வந்த பேருந்துக்கு அப்படி ஒன்றும் கூசவில்லை.

1930 ஏப்ரல் 13 அன்று இதே திருச்சியிலிருந்துதான் ராஜாஜி நூறு பேர் அளவில் சேர்த்துக்கொண்டு உப்பெடுக்கக் கிளம்பினார். வேதாரண்யம் போய்ச் சேர 28ஆம் தேதி ஆனது. எனக்கு ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்கே இடுப்பு பிடித்துக்கொண்டது.

விடுதியில் முதல் கோடு விழுந்தது. மேலாளர் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தனியாவாம்மா? சார் பின்னாடி வர்றாரா?" எந்த சாரும் வரவில்லை என்றேன். "கோயிலுக்கா?" மான் பார்க்க என்றேன். பதிவேட்டில் வந்த காரணம் என்ற இடத்தில் 'சாமி தரிசனம்' என்று எழுதிக்கொண்டார். அறை வாடகை 900. கொசுவலை கேட்டதும் கொடுத்தார்கள், அதில் ஓட்டை இருந்ததையும் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோடியக்கரை. 1967இல் சரணாலயமானது, வெளிமானுக்காக. காடு என்றதும் மனதில் வருகிற உயரமெல்லாம் இங்கே கிடையாது. பாலை மரமும் உகாவும் கடற்காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குட்டையாக, நெருக்கமாக நிற்கின்றன. மழை முடிந்த சமயம் என்பதால் எல்லாம் பச்சை. காடு சட்டென்று முடிந்து புல்வெளி திறந்தது. முதலில் தெரிந்தவை மட்டக்குதிரைகள். எவரோ எப்போதோ அவிழ்த்துவிட்டவற்றின் வாரிசுகள், இன்று மானுக்குப் போட்டியாகப் புல்லைத் தின்றுகொண்டிருக்கின்றன. கூட வந்த உள்ளூர் வழிகாட்டித் தம்பி அவற்றைப் பார்த்து உச்சுக்கொட்டினார். சீமைக்கருவேலத்தைக் கண்டபோதும் அதே உச்சு.

அப்புறம் மான்கள். பெண்கள் மணல் நிறம். ஆண், முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, முறுக்கின கொம்போடு தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நடந்தது. மாப்பிள்ளை அழைப்பில் ஜீப்பில் நிற்கிற மாப்பிள்ளை மாதிரியே. ஒரு குட்டி காரணமே இல்லாமல் நாலு காலையும் ஒன்றாகத் தூக்கிக் குதித்தது. அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு மந்தையே குதித்தது. ஐந்து நிமிஷம் இதுதான் நடந்தது. பைனாகுலர் கையிலேயே இருந்தது, கண்ணுக்குக் கொண்டுபோகத் தோன்றவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு. கோடியக்கரை

காலையில் பூநாரை தேடிச் சதுப்புநிலப் பக்கம். வண்டியை எதுவரை ஓட்டலாம் என்று ஒருவரிடம் கேட்டேன். "தாராளமா போகலாம்ங்க" என்றார். அந்தத் 'தாராளமா'வை நம்பக் கூடாது என்பது இருபது வருட ஓட்டுநர் அனுபவத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலே காய்ந்து வெடித்திருந்த மண்ணுக்கு அடியில் களி. முன் சக்கரம் ஒரு சாண் இறங்கியது. பின்னால் எடுக்கப் பார்த்தேன், இன்னொரு சாண்.

வண்டியை அப்படியே விட்டுவிட்டு, வந்ததற்குப் பறவையாவது பார்ப்போம் என்று வரப்பில் உட்கார்ந்தேன். தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. பைனாகுலரில் அது கால் முளைத்து, கழுத்து முளைத்து, பூநாரைகளாக ஆனது. ஆனால் மிகத் தூரம், கானலில் நெளிந்தது. நூறா, இருநூறா, சொல்ல முடியாது. பக்கத்தில் சேற்றில் உள்ளான்கள்தான் ஏராளம். கொசு உள்ளான் என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ. இருபது முப்பது கிராம் எடையில், தையல் மெஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே ஓடுகிறது. அது சைபீரியப் பக்கத்திலிருந்து பறந்து வந்திருக்கிறது. நான் திருச்சியிலிருந்து வந்து புதைந்து கிடக்கிறேன்.

பத்து மணி வாக்கில் டிராக்டர் ஒன்று வந்தது. உப்பளத்து ஆட்கள் நாலு பேர், எல்லார் சட்டையிலும் குண்டூசியில் குத்திய தாள் கொடி. பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்திலிருந்து நேராக வந்திருக்கிறார்கள். "யாரு இங்க கொண்டாந்து விடச் சொன்னது?" என்று அதட்டினார் ஒருவர். அடுத்த கேள்வி தெரிந்ததுதான். "தனியாவா?" கயிறு கட்டி இழுத்தார்கள். என் மேல், காரின் மேல், அவர்கள் கொடிகளின் மேல், எல்லாம் களி. பணம் நீட்டினேன், வாங்கவில்லை. டீசலுக்காவது என்றதும் டிராக்டர்காரர் நூறு ரூபாய் எடுத்துக்கொண்டார். ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மகளுக்காக வைத்திருந்ததாம். பிறகு எதற்குக் கொடுத்தார் என்று புரியவில்லை, ஆனால் சாப்பிட்டுவிட்டேன்.

அவர்களோடே அகஸ்தியம்பள்ளிப் பக்கம் போனேன். உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் அங்கேதான். புது உப்பு இன்னும் வரவில்லை. பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலைதான் நடந்தது, அதுவும் மழையால் தள்ளிப்போயிருக்கிறது. போன பருவத்து உப்பு அம்பாரமாகக் கீற்று மூடிக் கிடந்தது. ஒரு அம்மா இரண்டு கிலோ அளவுக்குப் பையில் அள்ளிப் போட்டு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். கல்லுப்பு, கொஞ்சம் சாம்பல் நிறம். போனில் அம்மாவிடம் சொன்னேன். "ஊர் சுத்தப் போய் உப்பு வாங்கிட்டு வர்ற ஒரே ஆளு நீதாண்டி."

சாயங்காலம் கோடியக்காட்டில் குழகர் கோயில். சின்னக் கோயில், காற்றில் உப்பு வாசனை. வேறு ஆளே இல்லை. குருக்கள் தீபாராதனை காட்டிவிட்டு, "தனியாவா வந்தேள்?" என்றார். கோடு. என் முகம் மாறியதைக் கவனித்துவிட்டார் போல. "சுந்தரரும் இங்க வந்து அதைத்தாம்மா கேட்டார்" என்றார். கடற்காற்று அடிக்கிற கரையில் துணைக்கு ஆளில்லாமல் இப்படி இருக்கிறீரே என்று சாமியிடமே உருகிப் பாடியிருக்கிறார். "சாமியையே விடல. உங்களை விடுவாளா?" திரும்பும்போதுதான் உறைத்தது, கேட்ட சுந்தரர் சேரமான் பெருமாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தவர். துணையோடு வருகிறவர்கள்தான் எப்போதும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.

ஜனவரி 27, திங்கள். கோடியக்கரை – மனோரா – பட்டுக்கோட்டை

ஐந்தரைக்குக் கடற்கரை. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சம் இருந்த இடம், 2004 சுனாமி அதையும் சரித்துவிட்டது. அங்கிருந்து கொஞ்சம் நடந்ததும் நாய்கள் கூடி நின்றன. நடுவில் ஆமை. பங்குனி ஆமை, முறம் அகல ஓடு, கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது.

அந்த மாதம் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் இப்படி ஒதுங்கியதைச் செய்தியில் படித்திருந்தேன். படிப்பது வேறு. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. இழுவலையில் மாட்டிக்கொண்டால் மூச்செடுக்க மேலே வர முடியாமல் மூழ்கியே செத்துப்போகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. முட்டையிட வருகிற ஆமையும் சரியாக அந்த எல்லைக்குள்தான் சுற்றுகிறது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் நாய்களைக் கல்லால் விரட்டினார். "பொட்டை. வயித்துல முட்டை இருக்கும்" என்றார். வனத்துறைக்குப் போன் போட்டதாகவும், வந்து குழிதோண்டிப் புதைப்பார்கள் என்றும் சொன்னார். அவர் மட்டும் என்னைத் தனியாக வந்தீர்களா என்று கேட்கவில்லை. அந்தப் பொழுதில் எனக்கு யாராவது கேட்டிருக்கலாம் போல இருந்தது.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகு கிடைக்கவில்லை, அதை விட்டுவிட்டேன். நேராக மல்லிப்பட்டினம் பக்கம் மனோரா. எட்டடுக்குக் கோபுரம், கடலைப் பார்த்து. நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்த சந்தோஷத்தில் தஞ்சாவூர் சரபோஜி கட்டியது. ஐரோப்பாவில் யாரோ யாரையோ ஜெயித்ததற்கு இந்தக் கரையில் கல்லும் சுண்ணாம்பும் செலவாகியிருக்கிறது.

மனோராவுக்கு முன்னால் இருக்கிற கடலில்தான் கடல்பசு. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை அதற்கான பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். தரையில் மாடு மேய்கிற மாதிரி கடலடியில் புல் மேய்கிற பிராணி. படகுத்துறையில் வலைக்குப் பொத்தல் தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"ஆவுளியாவா? இருக்கும்மா. நீ நினைச்சா வராது."

"நீங்க பாத்திருக்கீங்களாய்யா?"

"நாப்பது வருசத்துல ரெண்டு தடவ உசுரோட. ஒரு தடவ எங்க வலையிலயே. மூஞ்சிய மேல தூக்கி மூச்சு விடும் பாரு, நம்ம வீட்டு மாடு தொட்டித் தண்ணியக் குடிச்சிட்டு விடுமே, அதே மூச்சு. வலைய அறுத்து விட்டுட்டோம்."

வலை என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். அறுக்கிற விலை இல்லை அது. வலையோடு விடுவிக்கிறவர்களுக்கு இப்போது அரசு பணம் கொடுக்கிறது, அவர் அறுத்த காலத்தில் அதெல்லாம் கிடையாது.

ஒரு மணி நேரம் கடலைப் பார்த்தேன். ஒரு பை மிதந்தது, இரண்டு தடவை ஏமாந்தேன். மதியம் நண்டுக் குழம்பு, 180 ரூபாய். கடைக்கார அக்கா என் எதிரில் உட்கார்ந்து, "தனியா சாப்பிட்டா நண்டு எறங்காது" என்று ஓட்டை உடைத்து உடைத்துத் தட்டில் போட்டார். இதைக் கேள்வியாகச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்து அரைக் கோடு போட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய். கிழக்குக் கடற்கரைச் சாலை – ராமேஸ்வரம்

கட்டுமாவடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம். வலது பக்கம் பொட்டல், இடது பக்கம் அவ்வப்போது கடல். மின்கம்பி நெடுக பனங்காடை. வெயில் ஜனவரி வெயில் மாதிரியே இல்லை.

உச்சிப்புளி தாண்டியதும் வண்டிகள் நின்றன. பேருந்து, வேன், ஆட்டோ, மினி லாரியில் பந்தல் போட்ட குடும்பங்கள். என்ன விபத்தோ என்று நினைத்தேன். அப்போது அம்மா போன்.

"எங்கடி இருக்க?"

"ராமேஸ்வரம் வந்துட்டேன்மா."

"நாளைக்குத் தை அமாவாசை. நெனப்பிருக்கா?"

இல்லை. எட்டு நாள் பயணத்துக்கு நிலாவின் நாட்காட்டியைக்கூடப் பார்த்தவள் நான், இரவு இருட்டாக இருந்தால் நட்சத்திரம் பார்க்கலாம் என்று. அமாவாசை என்று எழுதிக்கூட வைத்திருக்கிறேன். தை அமாவாசை என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

ரயிலும் அப்போது மண்டபத்தோடு நின்றுவிடும். 1914இன் பழைய பாலத்தை மூடிவிட்டார்கள், பக்கத்தில் புதுப் பாலம் வேலை முடிந்து திறப்புக்கு நின்றது, ஏப்ரலில்தான் திறந்தார்கள். ஆக மொத்தக் கூட்டமும் ஒரே சாலைப் பாலத்தில். அதன் மேல் ஊர்ந்து போக எனக்கு ஒன்றேகால் மணி நேரம். ஒரு விதத்தில் நல்லதுதான், கண்ணுக்கு நேராக ஒரு செம்பருந்து காற்றில் அசையாமல் நின்றதை எத்தனை பேர் இவ்வளவு நேரம் பார்த்திருப்பார்கள்!

அறை இல்லை. எங்கும் இல்லை. ஒரே ஒரு இடத்தில் 6,000 கேட்டார்கள், மின்விசிறி அறைக்கு. ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். காருக்குள் படுக்கலாம் என்று சன்னலை இறக்கினேன், கொசு. ஏற்றினேன், புழுக்கம். பக்கத்தில் பள்ளிக்கூட வராந்தாவில் பரமக்குடிப் பக்கத்திலிருந்து வேனில் வந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். நான் சன்னலோடு படுகிற பாட்டை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏத்தா, தனியாவா வந்திருக்க?"

"ஆமாம்மா."

"அப்பனுக்குத் திதி குடுக்கவா?"

"இல்லம்மா. பூநாரை பாக்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு இன்னொருவர் மரியாதையான குரலில், "அது எந்த ஊரு சாமி?" என்றார்.

போனில் படம் காட்டினேன். போன் கைமாறிக் கைமாறிப் போனது. "கொக்குல்ல இது!" என்று தீர்ப்பு வந்தது. "இந்தக் கொக்கப் பாக்கவா இம்புட்டுத் தூரம்?" சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறியது. புளிசோறும் பருப்புத் துவையலும் கொடுத்தார்கள். படுக்கும்போது முதலில் பேசிய அம்மா இரண்டு பாய்களை விலக்கி இடம் பண்ணினார். "ஓரத்துல வேணாம். நடுவுல படு."

ஜனவரி 29, புதன். ராமேஸ்வரம்

மூன்று மணிக்கே எழுப்பிவிட்டார்கள். அக்னி தீர்த்தத்தில் கடல் தெரியவில்லை, தலைகள்தான். என் அம்மாக்களில் ஒருவர் கணவரின் பெயரை ஐயரிடம் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. பக்கத்திலேயே வாழைப்பழத் தோலில் வழுக்கி ஒருவர் விழுந்தார், யாரோ திட்டினார்கள், மைக்கில் காணாமல்போன குழந்தையின் சட்டை நிறத்தைச் சொன்னார்கள். நானும் குளித்தேன். அப்பாவை நினைத்துக்கொண்டேன், பூநாரைக்காக வந்ததையும் மறைக்கவில்லை.

மதியத்துக்கு மேல் கூட்டம் வடிந்து அறை கிடைத்தது. தூங்கினேன். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 30, வியாழன். தனுஷ்கோடி – கீழக்கரை – தூத்துக்குடி

ஆறரை மணி. அரிச்சல்முனைக்குப் போகிற சாலையில் இரண்டு பக்கமும் தண்ணீர். கோதண்டராமர் கோயில் பிரிவைத் தாண்டியதும், கணுக்காலளவு ஆழத்தில், சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றன.

கோடியக்கரையில் கோடாகத் தெரிந்தவை இங்கே முழுசாக. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து, அரிசி களைகிற மாதிரி தண்ணீரை அலசுகின்றன. பாசியும் பொடி இறால்களும் உள்ளே நிற்கும், தண்ணீர் வெளியே போகும். அந்தத் தீனியில் இருக்கிற நிறமிதான் இறகில் ஏறுகிறது. இளசுகள் இன்னும் சாம்பலாக, பள்ளிச் சீருடை மாற்றாதவை மாதிரி இருந்தன. நான் எதிர்பார்க்காதது சத்தம். இவ்வளவு அழகான பறவை வாத்துக் கூட்டம் மாதிரி கரகரவென்று பேசுகிறது. ஒன்று இறக்கையை விரித்தபோது, உள்பக்கம் நல்ல சிவப்பு, ஓரம் கறுப்பு. அதற்குப் பிறகு காலை எட்டு மணி வரை நான் எழுதியது ஒன்றுமில்லை. நோட்டில் '212' என்று மட்டும் இருக்கிறது. அதுவும் சரியில்லாமல் இருக்கலாம். (ஜூன் 5 அன்று அந்த இடத்தை ஒட்டி 524.7 ஹெக்டேரைப் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்த செய்தி வந்தபோது, பரமக்குடி அம்மாக்களிடம் காட்ட வேண்டும் போல இருந்தது. போன் நம்பர் வாங்காமல் விட்டுவிட்டேன்.)

1964 புயல் தின்ற ஊரின் இடிபாடுகளில் ஏறி நின்று படமெடுக்கிறார்கள். எனக்குக் கால் வரவில்லை. ஓலைக்கடையில் பொரித்த கணவாய் 150 ரூபாய், ரப்பர்.

கீழக்கரையில் தொதல் கால் கிலோ. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் மணக்க, கையில் ஒட்ட ஒட்ட, தூத்துக்குடி வருவதற்குள் ஸ்டியரிங் முழுக்க தொதல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் இந்தச் சாலைக்கு இடப்பக்கம்தான் எங்கோ வரிசையாக இருக்கின்றன, ஒன்றும் தெரியவில்லை.

ஜனவரி 31, வெள்ளி. கூந்தன்குளம் – அம்பாசமுத்திரம்

கூந்தன்குளத்தில் பறவை பார்க்கக் குளத்துக்குப் போக வேண்டியதே இல்லை, தெருவிலேயே இருக்கின்றன. வீட்டு வேப்பமரத்தில் சங்குவளை நாரை கூடு. தெருவுக்கு வெள்ளையடித்த மாதிரி எச்சம். நாற்றமும் அதற்கேற்றபடி. கொடியில் காய்ந்த சேலையை முகர்ந்துவிட்டு மறுபடி வாளியில் போட்ட அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"நாறத்தான் செய்யும். பேறுகாலத்துக்கு வந்த பிள்ளைய வெரட்டவா முடியும்?" அடுத்த மூச்சில், "நீங்க மட்டும் தனியாவா வந்தீய?"

இங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குளத்துப் பக்கம் வரித்தலை வாத்துகள், இமயமலைக்கு மேலேயே பறந்து தாண்டி வருகிறவை, வயலில் கோழி மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன.

இரவு அம்பாசமுத்திரம். இட்லியும் மிளகாய்ப்பொடியும். ஜன்னலில் மேற்குமலை கறுப்பாக.

பிப்ரவரி 1, சனி. காரையார்

பாபநாசம் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் பாட்டில் போனது. உப்புப் பையைப் பிரித்து மோந்து பார்த்து, "இது எதுக்கும்மா?" என்றார் காவலர். எனக்கும் தெரியவில்லை.

ஒரு வேடிக்கை. வேதாரண்யத்தில் அகத்தியருக்குச் சிவன் கல்யாணக் காட்சி கொடுத்தார் என்று போன வாரம் கேட்டேன். பாபநாசத்திலும் அதே கல்யாணம், அதே அகத்தியர். உப்புக் கரையில் ஒன்று, தாமிரபரணி இறங்கி வருகிற இடத்தில் ஒன்று. அவரும் என்னைப் போலவே கடலிலிருந்து மலைக்கு வந்திருப்பார் போல. அவருக்கு ஒரு மலையையே எழுதிவைத்துவிட்டார்கள், 1,868 மீட்டர்.

இந்தக் காட்டில் மட்டும் தனியாக நடக்க முடியாது. வனத்துறை ஏற்பாட்டில், வழிகாட்டியோடு, முன்பதிவு செய்த குழுவாகத்தான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகு இதில் முணுமுணுக்க எனக்கு வாய் வருவதில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் தீக்காலம் என்று பாதைகளையே மூடிவிடுவார்கள். என்னோடு மதுரையிலிருந்து நாலு இளைஞர்கள். வழிகாட்டி, இந்த மலையின் பழங்குடிகளான காணிகளின் குடியிருப்புத் தம்பி, இருபத்தைந்து வயதிருக்கும். செருப்பே போடாமல் முன்னால் போனார்.

முதல் அரை மணி நேரம் மதுரைத் தம்பிகள் பேசிக்கொண்டே வந்தார்கள். அலுவலகம், கிரிக்கெட், யாரோ ஒரு மேனேஜர். வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. திடீரென்று கையை மட்டும் தூக்கினார். பாதையில் யானைப் பிண்டம். குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு இருக்கு."

பாறையை ஒட்டி உட்காரச் சொன்னார். நாற்பது நிமிஷம். மேனேஜர் காணாமல் போனார். கீழே எங்கோ மூங்கில் முறிகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு மறுபடி. உச்சிக் கிளையில் கருமந்தி ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு, முக்கியமில்லை என்று முடிவுசெய்து முதுகைத் திருப்பிக்கொண்டது. மலையணில் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு வாலோடு சேர்த்து மூன்றடி நீளத்தில் பாய்ந்தது. அப்புறம் தலைக்கு மேலே பெரிய துருத்தி ஊதுகிற மாதிரி ஹூஸ், ஹூஸ் என்று. இருவாச்சி. இறக்கைச் சத்தம்தான் அது. பறவை மரத்துக்குள் போய் மறைந்த பிறகும் சத்தம் கொஞ்சம் மிச்சமிருந்தது. யானையை நாங்கள் பார்க்கவே இல்லை. கடல்பசுவையும் பார்க்கவில்லை. இரண்டும் நாங்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன.

ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1987இல் காட்டுக்குள் போன ஆய்வாளர்கள், தங்களோடு வந்த காணிகள் மட்டும் களைக்காததைப் பார்த்து, அவர்கள் மென்றுகொண்டிருந்த காயைப் பற்றி விசாரித்தார்கள். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து மருந்தும் வந்தது, வருமானத்தில் காணிகளுக்குப் பங்கும் போனது. "அந்தக் காய் கொஞ்சம் கெடைக்குமா தம்பி?" என்றேன். "அது வேணாம்க்கா. மெதுவா நடந்தா போதும்" என்றார்.

ஓடையைத் தாண்டியதும் கெண்டைக்காலில் ஏதோ குறுகுறுத்தது. அட்டை. சாக்ஸுக்குள் இரண்டு, முழங்காலுக்குப் பின்னால் ஒன்று, உளுந்து மாதிரி ஏறியது இப்போது திராட்சை மாதிரி. மதுரைத் தம்பி ஒருவர் கத்திவிட்டார், அவருக்கு நாலு. புகையிலை இருக்கா, சுண்ணாம்பு இருக்கா என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அப்போதுதான் நினைவு வந்தது. பையைத் திறந்து வேதாரண்யத்தை எடுத்தேன். ஒரு கல் வைத்ததும் சுருண்டு விழுந்தது. மொத்தம் பதினொன்று. வழிகாட்டி ஒரு கல்லை வாயில் போட்டுப் பார்த்தார். "கடையில வாங்குறது இப்பிடி இல்லக்கா."

நடை முடிந்து மதுரைக்காரர்கள் வேனில் கிளம்பினார்கள். வழிகாட்டி வீட்டுக்குக் கூப்பிட்டார். அவருடைய அத்தை அவித்த மரவள்ளிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் வைத்தார், பால் இல்லாத தேநீர். கண்ணில் நீர் வருகிற காரம். "அவங்கல்லாம் போய்ட்டாங்களே. நீங்க தனியாவா வந்தீங்க?" என்றார். நாற்பத்தொன்று, அரையைச் சேர்க்காமல்.

மிச்சமிருந்த உப்பு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உப்பைக் கையில தராதீங்கம்மா, சண்டை வந்துரும். அப்பிடிக் கீழ வைங்க."

திண்ணையில் வைத்தேன். நான் கையை முழுசாக எடுக்கும்வரை காத்திருந்து, பிறகு பையை எடுத்து உள்ளே கொண்டுபோனார்.